எந்த ஓம்?

முதலாளி போன மாதம் எனக்குப் போன் எடுத்தார். "அக்கா, கந்தோருக்குப் புதுசா மூண்டு பிள்ளையள் வந்திருக்கினம். அவைக்கு உங்கடை அனுபவத்தை ஒருக்கா எழுதிக் குடுங்கோவன்" என்றார். ஓம் என்றேன். சொல்லிவிட்டு மூன்று கிழமை ஒரு வரிகூட எழுதவில்லை. என்னுடைய ஓமுக்கு என்ன மதிப்பு என்று முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். நான் சொல்லப் போவதும் அதைப் பற்றித்தான்.

இதை நான் கடதாசியில் எழுதவில்லை. நம்முடைய வாடகை வான் கந்தோரின் பொது ஆவணத்தில், வீட்டிலிருந்தபடி நேரடியாக எழுதுகிறேன். மேல் மூலையில் ஒரு பச்சை வட்டம் தெரிகிறது. உங்களில் ஒருவர் உள்ளே வந்து பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். பக்கத்தில் ஆள் நின்றால் எனக்குக் கை ஓடாது. ஆனாலும் நில்லுங்கள். எழுத்துப் பிழை கண்டால் நான் முடித்த பிறகு திருத்துங்கள்.

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்களில் ஒருவர் இப்போது இருக்கிற ஜன்னலோரக் கதிரையில் பதினாறு வருடம் இருந்தவள் நான். நாலு வான், ஐந்து ட்ரைவர்மார், ஒரு முதலாளி, ஒரு நான். கலியாண வீடு, விமான நிலையம், பள்ளிக்கூடச் சுற்றுலா என்று எல்லா ஓட்டமும் ஓடினோம். என்னைப் பயமுறுத்தியது ஒரே ஒரு ஓட்டம்தான். சிறுநீரகம் பழுதான ஆட்களைக் கிழமைக்கு இரண்டு தரம் கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு, இரத்தம் சுத்திகரிக்கிற மெஷினுக்குக் கொண்டுபோய், திரும்ப வீட்டில் விடுகிற ஓட்டம். கலியாணத்துக்கு வான் பிந்தினால் பொம்பிளை வீட்டார் ஏசுவார்கள். மெஷினுக்குப் பிந்தினால் ஏசுவதற்கே ஆள் இல்லாமல் போகலாம்.

நான் பிறவியிலேயே பயந்தவள். கேற்றைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். பஸ் ஏறிய பிறகு அடுப்பை நூத்தேனா என்று யோசிப்பேன். இந்த வேலைக்கு அது நல்ல குணம் என்று பலர் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

முதலாளியின் மகள் கனடாவில் இருக்கிறா. அவவின் ஏற்பாட்டில்தான் கந்தோருக்கு இந்தக் கிளவுட் சாமான் வந்தது. கடிதம், நாட்காட்டி, ஷீற் என்று நாம் சொல்லுகிற அட்டவணை, எல்லாம் ஒரே இடத்தில். எங்கிருந்தும் திறக்கலாம், எல்லாரும் சேர்ந்து எழுதலாம். "எல்லாம் மேகத்திலை இருக்கும் அக்கா, பயப்பிடாதேங்கோ" என்றார் முதலாளி. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த குடும்பத்தில் பிறந்தவளிடம் மேகத்தை நம்பு என்று சொன்னால் எப்படி? கறுத்துக்கொண்டு வந்து ஒரு துளியும் போடாமல் போன மேகங்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

ஒரு நாள் பின்னேரம் முதலாளி எனக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் காட்டித் தந்தார்.

"ஷீற்றை உங்கடை கொம்பியூட்டருக்கு இறக்கி வச்சு வேலை செய்யாதேங்கோ அக்கா. எல்லாரும் அந்த ஒண்டிலைதான் எழுதவேணும். விளங்குதோ?"

"ஓம்."

"பிழையா ஏதும் அழிஞ்சால் இஞ்சை அமத்துங்கோ. பழைய பதிப்பெல்லாம் வரும். ஆர், எப்ப, என்ன மாத்தினது எண்டு கிடக்கும். விளங்குதோ?"

"ஓம், ஓம்."

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. விளங்கவில்லை என்று சொன்னால், விளங்குகிற ஆள் ஒன்றை வைத்துக்கொள்வாரோ என்று பயம். அதனால் ஓம் என்றேன். அவரும் சந்தோஷமாகப் போய்விட்டார்.

பிறகு நான் செய்ததைக் கேளுங்கள். காலையில் ஷீற்றை என் கணினிக்கு இறக்குவேன். மழை பெய்தால் இணையம் அறுந்துவிடும் என்ற பயத்தில் நாள் முழுக்க அந்தப் பிரதியில்தான் எழுதுவேன். பின்னேரம் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய்ப் பொது ஷீற்றின் மேல் ஒட்டுவேன். ஒட்டிவிட்டு அதை ஒரு படம் பிடித்து ட்ரைவர்மாருக்கு அனுப்புவேன். அந்தப் படம்தான் அவர்களுக்கு வேதம். வருடா வருடம் காசு கட்டி எடுத்த சாமான் எங்கள் கந்தோரில் குரங்கின் கையில் பூமாலையாகக் கிடந்தது. அந்தக் குரங்கு நான்தான்.

ஆனால் ஷீற்றில் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வரிசை. பெயர், நாள், ஏற்றுகிற இடம், நேரம். கடைசியில் "உறுதி" என்று ஒரு கட்டம். நான் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, வருகிறீர்களா என்று கேட்டு, அதில் "ஓம்" என்று அடித்தால் கட்டம் தன்பாட்டில் பச்சையாகும். எல்லாம் பச்சையாகிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கும்.

அந்த வருடம் வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயில் பொங்கல் வந்த கிழமை. பொங்கல் திங்கட்கிழமை. ஞாயிறே சனம் திரளத் தொடங்கிவிடும், வான் எல்லாம் ஓட்டம் பிடித்திருக்கும். வெள்ளி காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேர்ஸ் ஒருவர் எடுத்தா. திங்கட்கிழமை மெஷின்களைத் திருத்த ஆட்கள் வருகிறார்களாம், திங்கள் ஆட்களை ஞாயிறே கொண்டுவரச் சொன்னா. எங்கள் கணக்கில், திங்களும் வியாழனும் போகிற ஆட்கள் மூன்று பேர். மூவரும் புதுக்குடியிருப்புப் பக்கம்.

மூவரில் ஒருவர் மகேஸ்வரி. என்னைவிட நாலைந்து வயது இளையவ. புருஷன் இல்லை, மகன் கொழும்பில் வேலை. வீட்டு முன் அறையில் ஒரு தையல் மெஷின் வைத்துச் சட்டை தைத்துக்கொண்டு தனியே இருந்தவ. வானில் ஏறினால் ஒருவரோடும் அதிகம் கதைக்கமாட்டா. இறங்கும்போது ட்ரைவருக்குக் கட்டாயம் நன்றி சொல்லுவா.

அவவுக்குப் போன் எடுத்தேன். "தங்கச்சி, திங்களுக்குப் பதிலா இந்த முறை ஞாயிறு. காலமை ஏழு மணிக்கு வான் வீட்டடிக்கு வரும். சரியோ?"

"ஓம்... ஓம் அக்கா."

நடுவில் ஒரு சிறிய மௌனம் இருந்தது. இன்றைக்கும் அது என் காதில் இருக்கிறது. அன்றைக்கு அது எனக்குக் கேட்கவில்லை. ஓம் என்று அடித்தேன். கட்டம் பச்சையானது. அடுத்த நம்பரை எடுத்தேன்.

சனிக்கிழமை இரவு விமானத்தில் முதலாளி கனடாவுக்குப் போனார், பேரப்பிள்ளை பார்க்க. ஞாயிறு காலை ஏழு மணிக்கு நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. நானா.

நானா எங்கள் மூத்த ட்ரைவர். முல்லைத்தீவு முஸ்லிம். குடும்பத்தோடு புத்தளத்தில் நெடுங்காலம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவர்கள் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி, கந்தோரில் எல்லாருமே அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். வாய் திறந்து அதிகம் பேசாத மனிதர். அவர் காலையில் எடுத்தால் நல்ல செய்தியாக இருக்காது.

"அக்கா, மகேஸ்வரி அக்காவின்ரை வீடு பூட்டிக் கிடக்கு."

"வடிவாத் தட்டிப் பாருங்கோ நானா. உள்ளுக்கை இருப்பா."

"வெளியாலை ஆமைப் பூட்டு அக்கா. போன் எடுத்தனான், வீட்டுக்குள்ளைதான் அடிக்குது."

துருவலை விட்டு எழும்பினேன்.  பூட்டின வீட்டுக்குள் போன் அடிக்கிறது. ஆள் இல்லை.

"அவா ஓம் எண்டவா நானா! நான் வெள்ளிக்கிழமை எடுத்துக் கேட்டனான். ஷீற்றிலை ஓம் எண்டு கிடக்கு. நீங்கள் படத்தைப் பாருங்கோ."

"படம் பாத்தனான். பச்சைதான்." என்றார். "அக்கா, அவா எந்த ஓம் எண்டவா?"

எனக்குக் கோபம் வந்தது. "எந்த ஓமோ? ஓம் எண்டால் ஓம்தானே!"

"இல்லையக்கா. கேக்குது எண்டதுக்கும் ஓம். சொல்லுங்கோ எண்டதுக்கும் ஓம். பாப்பம் எண்டதுக்கும் ஓம். வாறன் எண்டதுக்கும் ஓம். அவா எதைச் சொன்னவா?"

"பக்கத்து வீட்டிலை கேட்டுப் பாருங்கோ" என்றேன். அவர் பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டுத் திரும்ப எடுத்தார். "அவா நேற்றே வெளிக்கிட்டுப் போட்டாவாம். பொங்கலுக்கு ஆரோ சொந்தக்காரர் வீட்டை. 'வான்காறருக்குச் சொல்லிப்போட்டன்' எண்டு சொன்னவாவாம்."

எனக்குச் சொல்லவில்லை. அப்படியென்றால் முதலாளிக்குத்தான் சொல்லியிருக்க வேண்டும். அவரோ கடலுக்கு மேலே எங்கேயோ பறந்துகொண்டிருந்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள் பிள்ளைகள். வானுக்குள் மற்ற இரண்டு நோயாளிகளும் இருந்தார்கள். நானா கேட்டார், "தேடிப் பாக்கவோ, இவையைக் கொண்டு போகவோ?" என் மனம் முழுக்க மகேஸ்வரியிடம் இருந்தது. தேடச் சொல்லத்தான் வாய் உன்னியது. ஆனால் எங்கே என்று தேடுவது? பொங்கல் சனத்துக்குள் ஒரு பொம்பிளையைத் தேடப் போய், மற்ற இருவரின் நேரத்தையும் நாசமாக்கினால்? தெரியாத ஒன்றுக்காகத் தெரிந்த இரண்டைப் பணயம் வைக்கக் கூடாது. "கொண்டு போங்கோ நானா" என்றேன். சொல்லும்போது ஒருவரை நடுவழியில் இறக்கிவிட்டது போல் இருந்தது. அது சரியான முடிவு என்று இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தெரியாது. நீங்கள் முடிவெடுக்கும் நேரத்திலும் உங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரிக்கு எடுத்தேன். அதே நேர்ஸ். விஷயத்தைச் சொன்னேன். அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"போன வியாழன் வந்தவா. இண்டைக்கு விட்டால் இனி வாற வியாழன்தான். ஏழு நாள். ஏழு நாள் அவா தாங்கமாட்டா. ஒரு மணிக்குள்ளை கொண்டு வாங்கோ, மெஷினை வச்சிருக்கிறன். அதுக்குப் பிறகு எனக்கும் வழியில்லை."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு ஓடினேன். திறப்பு கையில், பூட்டுத் துவாரம் கண்ணில் படவில்லை. கணினியைப் போட்டால், அன்றைக்கென்று பார்த்து அது தன்னைத் தானே புதுப்பிக்கத் தொடங்கியது. முப்பது வீதம். முப்பத்தொரு வீதம். அணைக்க வேண்டாம் என்று எழுதிக் காட்டியது. அம்மாளாச்சி, நான் எதை அணைக்க? கண்ணகை அம்மனுக்கு ஒரு பானை பொங்குவதாக நேர்ந்தேன். எழுபது வீதத்தில் ஒரு மடைப்பண்டப் படையலும் சேர்த்து நேர்ந்தேன்.

ஷீற் திறந்தது. மகேஸ்வரியின் வரிசை பச்சை. "ஓம்." ஏற்றுகிற இடம்: வீடு. வேறு ஒன்றும் இல்லை. 

அப்போதுதான் நினைவு வந்தது. சனிக்கிழமை மதியம் முதலாளி வெளிக்கிடும் அவசரத்தில் வாசலில் நின்று, "ஷீற்றிலை ஒண்டு போட்டிருக்கிறன் அக்கா, பாருங்கோ" என்று சொன்னார். நான் என்ன சொன்னேன்? ஓம் என்றேன். தலை நிமிரவில்லை. பின்னேரம் வழக்கம்போல என் பிரதியை அள்ளி ஷீற்றின் மேல் ஒட்டினேன். அவர் போட்டதெல்லாம் என் ஒட்டலுக்கு அடியில் போய்விட்டது. படத்தையும் அதற்குப் பிறகுதான் பிடித்து அனுப்பினேன்.

அவவைத் தொலைத்தது நான்தான். அந்த அறையில் தனியே நின்று வாய்விட்டு அழுதேன்.

அழுதுகொண்டே அந்தப் பழைய பதிப்புகளைத் தேடினேன். எங்கே அமத்தச் சொன்னார்? விளங்குதோ என்று கேட்டாரே, ஓம் என்றேனே. ஒவ்வொரு பட்டியலாகத் திறந்து மூடினேன். ஒரு தடவை முழு ஷீற்றும் சீன எழுத்துப் போல் மாறியது. எதையாவது அமத்தி மிச்சமிருப்பதையும் அழித்துவிடுவேனோ என்று பயந்து பயந்து அமத்தினேன். எத்தனையாவது தடவை என்று தெரியாது, வலப்பக்கத்தில் ஒரு நிரல் விரிந்தது. நாள், நேரம், ஆள். என் பெயர், என் பெயர், என் பெயர். நடுவில் ஒரு இடத்தில் முதலாளியின் பெயர். சனிக்கிழமை காலை.

அதை அமத்தினேன். மகேஸ்வரியின் வரிசையில் பச்சை இல்லை. மஞ்சள் போட்டு எழுதியிருந்தார்: "வற்றாப்பளையில் தங்கச்சி வீட்டில் நிற்கிறா. கோயில் வளைவுக்கு முன் மூன்றாவது வீடு, நீலக் கேற். ஞாயிறு அங்கே போய் ஏற்றவும்."

நீலக் கேற். அந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்ப வாசித்தேன். நேரம் ஒன்பதைத் தாண்டியிருந்தது.

நானா ஆஸ்பத்திரி வாசலில். கிளிநொச்சியிலிருந்து வற்றாப்பளைக்குப் போய்த் திரும்புவதற்கு நேரம் காணாது. நாட்காட்டியைத் திறந்தேன். எங்கள் மூன்றாம் வான் விசுவமடுக் குடும்பம் ஒன்றை ஏற்றிக்கொண்டு அதிகாலையே வற்றாப்பளைக்குப் போயிருந்தது. கோயிலடியில்தான் நிற்கும். ஆனால் அது அவர்கள் பிடித்த வான். வயதுபோனவர்களும் குழந்தைகளும் அதற்குள்தான் இளைப்பாறுவார்கள். நாங்கள் நினைத்தபாட்டுக்கு எடுக்க முடியாது. அந்தக் குடும்பத்தின் மூத்த மருமகனுக்கு எடுத்தேன். சனக் கூட்டத்தில் லைன் எடுபடவே இல்லை. ஐந்தாம் தடவை எடுபட்டது. பறைச் சத்தத்துக்கு மேலால் கத்திக் கத்தி விஷயத்தைச் சொன்னேன்.

"ஓம்" என்றார் அவர். "ஓம், ஓம்."

முந்தைய நாள் என்றால் நன்றி சொல்லி வைத்திருப்பேன். இப்போது வைக்க முடியவில்லை. "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. விளங்கினது எண்டு ஓமோ, வானைக் கொண்டு போங்கோ எண்டு ஓமோ?"



"விளங்கினது எண்டுதான் சொன்னனான்" என்றார்.  யாரோடோ கதைப்பது கேட்டது. பிறகு திரும்ப வந்தார். "இப்ப சொல்லுறன் அக்கா. கொண்டு போகச் சொல்லுங்கோ. கிழவியளை நாங்கள் மடத்திலை இருத்துறம். ஒரு உயிரெல்லே."

அந்த வான் ட்ரைவருக்கு எடுத்து, நீலக் கேற்றைச் சொல்லி அனுப்பினேன். மகேஸ்வரி நீலக் கேற்றுக்கு வெளியே நின்றாவாம். ஆறு மணிக்கே சேலை உடுத்து, ஆஸ்பத்திரிக் குறிப்புக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு நின்றவ, பத்து மணிக்கும் அதே இடத்தில் நின்றாவாம். போனை வீட்டில் சார்ஜில் விட்டுவிட்டு வந்துவிட்டா. எங்கள் நம்பர் அதற்குள்தான். கால் இரண்டும் வீங்கியிருந்தது. எதிரே வந்த சனத்துக்குள்ளால் வான் ஊர்ந்து ஊர்ந்து, பன்னிரண்டே காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் நின்றது. நேர்ஸ் சக்கர நாற்காலியோடு வெளியே நின்றா. நானும் அங்கேதான் நின்றேன்.

அவவை இறக்கும்போது கையைப் பிடித்து, "என்னை மன்னியுங்கோ தங்கச்சி" என்றேன்.

"நீங்கள் என்னை விட்டிட்டியள் எண்டு நினைச்சனக்கா" என்றா. கோபம் இல்லை. களைத்திருந்தா. நான் கேட்காமலே சொன்னா. "வெள்ளிக்கிழமை நீங்கள் கேட்ட உடனை, பொங்கலுக்குப் போறன் எண்டு சொல்லத்தான் நினைச்சனான். சொன்னால் கரைச்சல் பிடிச்ச ஆள் எண்டு அடுத்த முறை ஏத்தாமல் விட்டிடுவியளோ எண்டு பயமாக் கிடந்தது. அதுதான் ஓம் எண்டனான். மனம் கேளாமல் சனிக்கிழமை முதலாளிக்கு எடுத்துச் சொன்னனான்."

பிள்ளைகள், அந்த வசனத்தை நான் வானுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் கோயிலிலும் கொண்டு திரிந்தேன். நான் முதலாளிக்குச் சொன்ன ஓமும் அதே ஓம்தான். வேலை போய்விடும் என்ற ஓம். அவவுடையது வான் போய்விடும் என்ற ஓம். நம்மை நம்பி இருக்கிறவர்கள் நம்மிடம் இல்லை என்று சொல்லமாட்டார்கள். அதைப் பச்சைக் கட்டமாக்கி வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகச் சோறு தின்றிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கந்தோருக்குப் போய் முதலில் என் கணினியிலிருந்த பிரதிகள் எல்லாவற்றையும் அழித்தேன்.  அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே ஷீற். ட்ரைவர்மாரின் போன்களிலும் அதே ஷீற், இணையம் இல்லாத இடத்திலும் திறக்கிற மாதிரி. படம் அனுப்புவதை நிற்பாட்டினோம். எழுத்து சின்னன், வாசிக்கக் கஷ்டம் என்று நானா முறைப்பட்டார். அதைப் பெரிதாக்கவும் அதற்குள் வழி இருந்தது. அந்தச் சாமானுக்குள் எங்களுக்குத் தேவையானதெல்லாம் முதல் நாளிலிருந்தே கிடந்தது. நாங்கள்தான் வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தோம்.

கடைசியாக, "உறுதி" என்ற கட்டத்தை நீக்கினேன். அந்த இடத்தில் "அவை சொன்ன சொல்" என்று போட்டேன். ஓமா இல்லையா என்று நாங்கள் தீர்மானிக்கக் கூடாது. அவர்கள் வாயால் சொன்னதை அப்படியே எழுத வேண்டும். "ஓம், பாப்பம் எண்டவர்." "ஓம் எண்டு போட்டு இருமினவா." "ஏழு மணி, வாசலிலை நிப்பன் எண்டவா." திரும்பி வந்த முதலாளி, "இதென்னக்கா, நிறம் ஒண்டும் இல்லாமல் எப்பிடி ஒரு பார்வையிலை பாக்கிறது?" என்று கேட்டார். "ஒரு பார்வையிலை பாக்கக் கூடாது எண்டுதான்" என்றேன். அவரிடம் நான் விளங்கிச் சொன்ன முதல் பதில் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஷீற்றில் இருக்கிற அந்தக் கட்டத்தின் கதை இதுதான். ஏன் அங்கே ஒரு சொல்லைத் தெரிவு செய்ய விடாமல் முழு வசனம் எழுதச் சொல்லுகிறது என்று உங்களில் ஒருவர் முதலாளியிடம் கேட்டீர்களாம். அதனால்தான் அவர் என்னை எழுதச் சொன்னாராம்.

ஆனால் நான் மூன்று கிழமை எழுதாமல் இருந்துவிட்டு இன்றைக்கு எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு.

உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை எனக்குப் போன் எடுத்தது உங்களில் ஒருவர்தான். வருகிற திங்கள் முதல் கிழமைக்கு இரண்டு தரம் நானும் மெஷினுக்குப் போக வேண்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகேஸ்வரி இன்னும் போய்வருகிறா. ஒரே வானில்தான் போகப் போகிறோம். மற்றவர்களை ஏற்றி அனுப்பிய பதினாறு வருடத்தில், அந்த வானின் பின் கதவை உள்ளே இருந்து நான் பார்த்ததே இல்லை.

போன் எடுத்த பிள்ளை, நீங்கள் மரியாதையாக, நிதானமாக எல்லாம் சொன்னீர்கள். நேரம் சொன்னீர்கள், எதை எடுத்து வரவேண்டும், என்ன சாப்பிடலாம் என்று சொன்னீர்கள். நான் "ஓம் பிள்ளை" என்றேன். ஒன்றும் காதில் ஏறவில்லை. ஆறு மணியா ஏழு மணியா என்றுகூடத் தெரியவில்லை. திரும்ப எடுத்துக் கேட்க வெட்கம். இதைப் பற்றியே மற்றவர்களுக்குப் படிப்பித்தவள், பயத்தில் அதே ஓமைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் வீட்டுக்குள் சுற்றினேன்.

இன்று காலை ஷீற்றைத் திறந்தேன். வேலையை விட்டுப் போனவளின் அனுமதியை நீங்கள் இன்னும் நீக்கவில்லை. அது பெரிய பிழை, நோயாளிகளின் விவரம் எல்லாம் அதற்குள் கிடக்கிறது, திங்களே நீக்குங்கள். ஆனால் இன்றைக்கு அந்தப் பிழைக்கு நான் நன்றி சொல்லுகிறேன். கடைசி வரிசையில் என் பெயர். பச்சை இல்லை. "அவை சொன்ன சொல்" என்ற கட்டத்தில் நீங்கள் எழுதியிருந்தீர்கள்:

"ஓம் பிள்ளை எண்டவா. குரல் சரியில்லை, விளங்கேல்லைப் போல. ஞாயிறு திரும்ப எடுக்கவேணும்."

இன்றைக்கு ஞாயிறு. மேல் மூலையில் அந்தப் பச்சை வட்டம் இன்னும் தெரிகிறது. போனை மேசையில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். எடுங்கோ பிள்ளை.